சித்தி எழுதாத கடிதம்

போன மாதம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி பழைய இன்லேண்ட் லெட்டர் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தாள். நீலத் தாள், மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை. "இதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். எல்லோரும் இதயம் இதயமாகப் போட்டீர்கள். பசையின் ருசியைப் பற்றி ஒருத்தர் எழுதினீர்கள். அவசரமாகப் பிரித்தால் முக்கியமான வரி மட்டும் கிழிந்துபோவதைப் பற்றி இன்னொருத்தர். நான் ஒன்றும் போடவில்லை. ஏன் என்று தனியாகக் கேட்டவர்களுக்காகவும், ஏழாம் வகுப்பில் பாதி வருடம் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது காரணம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஐம்பதைத் தொட்டுவிட்டோம். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். வாசலில் முருங்கை மரம், பின்னால் கிணறு. நைனா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டையில் இருந்து எண்ணெய் வாசனை போகாது. அவருடைய ஒரே தம்பி பட்டாளத்தில் லாரி டிரைவர். பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் சித்தப்பாவை நைனாதான் வளர்த்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தியவரும் அவர்தான்.

சித்திக்கு வேப்பம்பட்டு. என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். கல்யாணம் ஆன முதல் வருடம் வயிற்றில் உண்டான பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. இரண்டாம் முறை உண்டாகியிருந்தபோதுதான் சித்தப்பா பத்து நாள் லீவில் வந்தார். என்னைப் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டு விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தார். எந்த லாரி எந்த மேட்டில் எப்படி உறுமும் என்று வாயாலேயே ஓட்டிக் காட்டினார். தான் அடுத்துப் போகப்போவது இலங்கைக்கு என்பதைக் கடைசி நாள்தான் சொன்னார்.

அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அமைதியை உண்டாக்க நம் பட்டாளம் அங்கே போயிருக்கிறது என்று முதலில் வானொலி சொன்னது. அப்புறம் அங்கே சண்டை நடக்கிறது என்றும் அதே வானொலி சொன்னது. சித்தி பள்ளியில் படித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த ஒரு பெண் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். அந்தப் பெண்ணின் சனங்களுக்காக வீடு வீடாய்ப் போய்ப் பழைய துணி வாங்கிச் சேர்த்தவள் சித்தி.

அன்றைக்குச் சித்தப்பா கிணற்றடியில் உட்கார்ந்து பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சித்தி துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"அங்க கீறவங்களும் நம்மள மாதிரி தமிழு பேசறவங்கதானே?"

"நான் வண்டி ஓட்றவன்" என்றார் சித்தப்பா.

"வண்டியில இன்னா ஏத்திகினு போவ? வெறும் அரிசியும் பருப்புமா? அவங்களச் சுடறதுக்குக் குண்டும் நீதானே ஏத்திகினு போவணும்?"

அதுவரை 'நீங்க' என்று பேசியவள் அன்று 'நீ' என்றாள். சித்தப்பா பூட்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. மறுநாள் விடியற்காலை கிளம்பும்போது சித்தி கொடுத்த காப்பியைக் குடித்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். "வரேன்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். சித்தியும் அடுப்பைப் பார்த்தே தலையை ஆட்டினாள்.

முதல் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. பட்டாளத்து இன்லேண்ட். தபால் தலை கிடையாது. முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, வெறும் எண்தான். நீலத்தின் மேல் ஏதோ செம்மண் பட்ட மாதிரி ஒரு நிறம் இருந்தது. சித்தி நின்றபடியே பிரித்துப் படித்தாள். அவருக்கு முன்னால் போன லாரி கண்ணிவெடியில் தூக்கி எறியப்பட்டதையும், அதை ஓட்டியவன் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட ஆள் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். சித்தி அப்படியே சுவரோடு சரிந்தாள். அன்று சாயங்காலம் அவளுக்கு உதிரம் பட்டது. ஆவடியில் இருந்த டாக்டரம்மா, படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், மனசுக்கு அதிர்ச்சி கூடவே கூடாது, முன்னாடி ஒன்று கலைந்திருக்கிறது இல்லையா என்று நைனாவைத் திட்டுவது போலச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாளே நைனா ரயில்வே கேட் டீக்கடையில் தபால்காரரைப் பிடித்தார். தம்பி லெட்டர் வந்தால் தன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். வீட்டுக்குப் பெரியவர் சொல்கிறார், தபால்காரருக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றியிருக்காது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி தினமும் பதினொரு மணிக்கு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்பதுதான். சைக்கிள் மணி கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுவாள்.

"லெட்டர் கீதாண்ணா?"

தபால்காரர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இல்லை என்று வாயால் சொன்னதே கிடையாது. அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை என்று இப்போது புரிகிறது.

சித்தி மூன்று கடிதம் எழுதினாள். அவர் லெட்டர் வரவில்லை என்று மட்டும் ரோஷத்தில் எதிலும் எழுதவில்லையாம். நான்தான் பெட்டியில் போட்டு வந்தேன். எதற்கும் பதில் வரவில்லை. "கடல் தாண்டி வரணும்மா, லேட்டாவும்" என்பார் நைனா. "ஆவடியில ஒரு பட்டாளத்துக்காரன் ஊட்ல விசாரிச்சேன், தம்பி நல்லா கீறானாம்" என்பார். அது மட்டும் உண்மை. சித்தப்பா நன்றாக இருக்கிறார் என்பது அவருக்குத்தான் கையெழுத்தோடு தெரியுமே.

அரையாண்டுப் பரீட்சை லீவில் ஒருநாள் ரேஷன் கார்டு தேவைப்பட்டது. நைனா குளித்துக்கொண்டிருந்தார். அரைஞாண் கயிற்றில் இருந்த சாவியைக் கதவிடுக்கில் நீட்டி, தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பெட்டியில் நிலப் பத்திரங்களுக்குக் கீழே ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருந்தது. அந்தச் செம்மண் பட்ட நீலம். எல்லாம் கத்தியால் நேராகப் பிரிக்கப்பட்டிருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் படித்தேன். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. ஒரு வரி மட்டும் அப்படியே மனசில் தங்கிவிட்டது. "உன் லெட்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலைன்னு கோபமா? இல்ல, எழுதுற பதில் பிடிக்கலையா?"

நிமிர்ந்தால் நைனா ஈரத் துண்டோடு நின்றிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"படிச்சியா?"

தலையை ஆட்டினேன்.

"சித்தி கையில சொல்லக் கூடாது. கொழந்த நல்லபடியா பொறக்கட்டும், மொத்தமா குடுத்துடறேன். போன தடவ மாதிரி ஆயிட்டா இன்னா பண்றது? தம்பி மொகத்துல நான் எப்டி முழிப்பேன்?"

"சித்தி அழுவுது நைனா."

"அழுதா அழட்டும். அழுதா புள்ள கலையாது." என் கையை எடுத்துத் தன் ஈரத் தலைமேல் வைத்துக்கொண்டார். "சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அம்மாவுக்கும் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

சத்தியம் செய்துவிட்டேனே தவிர, அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சித்திதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். படுத்த படுக்கையில் இருந்தவளுக்குச் செய்ய அனுமதித்த ஒரே வேலை அது. நான் கட்டிலுக்குக் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பின்னிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"அன்னிக்கு அப்டி கேட்டிருக்கக் கூடாதுடி. அந்தக் கோவம் அவருக்குப் போவல. இனிமே போவாது. நானும் எழுதறதா இல்ல. எத்தினி தடவ வெக்கங்கெட்டு எழுதறது?"

ரிப்பன் முடிச்சை அன்று மிகவும் இறுக்கிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் என்று நினைத்துத் தளர்த்திவிட்டாள்.

சித்தி வாங்கி வைத்த வெற்று இன்லேண்ட் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தது. சித்தியிடம் பேசக் கூடாது என்றுதான் சத்தியம். சித்தப்பாவிடம் பேசக் கூடாது என்று இல்லை. அப்படித்தான் யோசித்தேன். பதினோரு வயது முடிந்து பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது எனக்கு. அந்த இன்லேண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கணக்கு நோட்டை அடியில் வைத்து எழுதினேன். தமிழ் இரண்டாம் தாளில் கற்றுக்கொடுத்த முறைப்படி மேலே இடம், நாள் எல்லாம் போட்டேன். 'அன்புள்ள கணவருக்கு' என்று ஆரம்பித்தேன்.

"எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நான் அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் எனக்குப் பயம். குழந்தை வயிற்றில் உதைக்கிறது. சீக்கிரம் வாருங்கள். உங்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது."

'மூஞ்சி' என்று எழுதலாமா என்று மட்டும் சந்தேகம் வந்தது. பிறகு அப்படியே விட்டுவிட்டேன். கீழே 'இப்படிக்கு, தங்கள் அன்புள்ள மனைவி'. சித்தியின் எழுத்து வலப்பக்கம் சாயும். நானும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மூன்றாம் வரியிலேயே என் எழுத்து நிமிர்ந்துவிட்டது. முகவரி எனக்கு மனப்பாடம், மூன்று முறை பெட்டியில் போட்டவள் ஆயிற்றே. ரயில்வே கேட் அருகில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டேன். உள்ளே அது விழும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன்.

பதில் என்ன வரும், வந்தால் யார் கையில் போகும் என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

மாசி மாதம் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், ஆஸ்பத்திரியே விழித்துக்கொள்ளும் அழுகை. நைனா சித்தப்பாவுக்குத் தந்தி அடித்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். நான் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"லெட்டரெல்லாம் குடுத்துட்டியா நைனா?"

"பச்ச ஒடம்புக்காரிடி. பதினாறு அன்னிக்குப் பேர் வெக்கறப்போ குடுத்துடறேன். சந்தோசத்தோட சந்தோசமா படிக்கட்டும்."

பன்னிரண்டாம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே யாரும் சத்தம் போட்டு அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நைனா முருங்கை மரத்தடியில் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில் இருந்ததைப் படிக்கத் தெரிந்த தெருக்காரர் ஒருவர் திரும்பத் திரும்பப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருமுறையாவது வேறு மாதிரி வந்துவிடாதா என்பது போல. சித்தப்பாவின் வண்டி கண்ணிவெடியில் சிக்கியிருந்தது. உடம்பு ஊருக்கு வராது, அங்கேயே எரித்துவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, பேர் வைத்திருக்க வேண்டிய அந்தப் பதினாறாம் நாள், தெருவில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் இந்த முறை கையை ஆட்டிவிட்டுப் போகவில்லை. இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். நைனா பழக்கத்தில் எழுந்து போய்க் கையை நீட்டினார்.

"இல்ல அண்ணாத்தே. இத நான் அம்மா கையிலயே குடுத்துட்றேன்" என்றார் தபால்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குழந்தையோடு உட்கார்ந்திருந்த சித்தியின் கையில் கொடுத்தார். இறப்பதற்கு ஐந்தாறு நாள் முன்னால், குழந்தை பிறந்த தந்தி கைக்குக் கிடைக்கும் முன்பே, சித்தப்பா எழுதிய கடிதம் அது.

சித்தி அதை ஓரம் கிழியாமல் பிரித்தாள். ஒரு பக்கக் கடிதத்தை அவ்வளவு நேரம் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு நைனாவைக் கூப்பிட்டாள்.

"மாமா. இதுக்கு முன்ன ஒம்போது லெட்டர் போட்டேன்னு எழுதிகிறாரு. எனக்கு வந்தது ஒண்ணுதான். மத்தது எங்க?"

நைனா உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கடிதக் கட்டைக் கொண்டுவந்து சித்தியின் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"உன் ஒடம்புக்கு எதாவது ஆயிடப் போவுதுன்னுதாம்மா... போன தடவ மாதிரி..."

சித்தி கத்தவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"என் புருசன் எனக்கு எழுதனது மாமா. நான் கோச்சிகினு கீறேன்னு நெனச்சிகினே போயிருந்தாருன்னா?"

மறுநாள் காலை சித்தியின் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். சித்தி குழந்தையை ஒரு கையிலும் கடிதக் கட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ரயிலேறினாள். திருமுல்லைவாயில் வீட்டுக்கு அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் அவள் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. அதை வேப்பம்பட்டுக்குக் கொண்டுபோனபோது நானும் நைனாவோடு போனேன். சித்தி எங்கள் எதிரிலேயே திறந்தாள். சட்டைகள், சவரப் பெட்டி, ஒரு டார்ச் லைட், சித்தி எழுதிய மூன்று கடிதங்கள். என் கடிதம் இல்லை. அவர் கைக்கே அது போய்ச் சேரவில்லை, என் திருட்டுத்தனம் யாருக்கும் தெரியாது என்று நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதி வீட்டுக்கு வருகிற வரைதான் இருந்தது. போய்ச் சேரவில்லை என்றால், சித்தப்பா அந்தக் கேள்வியோடேயே போய்விட்டார் என்றுதானே அர்த்தம்? ஏழாம் வகுப்பில் அந்தப் பாதி வருடம் உங்களோடு உட்கார்ந்து நான் யோசித்தது இதைத்தான்.

நைனா மாதம் தவறாமல் வேப்பம்பட்டுக்குப் போனார். முருங்கைக்காய், கிணற்றடிக் கீரை, குழந்தைக்குச் சட்டை. சித்தி அவரைத் துரத்தவில்லை. பாயைப் போடுவாள், தண்ணீர் வைப்பாள், உள்ளே போய்விடுவாள். அவள் மகள் வளர்ந்து பெரியப்பா என்று மடியில் ஏறி விளையாடினாள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது நைனாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அப்போதும் சித்தி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நைனா ஒருமுறை என்னிடம், "அது பேசலன்னா இன்னா, தண்ணி குடுக்குது பாரு" என்றார். போன வருடத்துக்கு முந்தின வருடம் நைனா போய்விட்டார். சித்தி வந்தாள். கால்மாட்டில் நின்று கும்பிட்டாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நான் வேப்பம்பட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு ஆசை இருந்தது. நைனாவை மன்னித்துவிட்டேன் என்று சித்தி வாயால் கேட்க வேண்டும். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பீரோவிலிருந்து அந்தக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"படி. உனக்கும் வயசாயிடுச்சு."

எல்லாவற்றையும் படித்தேன். முதல் கடிதத்துக்குப் பிறகு எதிலும் குண்டு இல்லை, சாவு இல்லை. நைனா எதைக் கண்டு பயந்தார் என்று எனக்கு விளங்கவே இல்லை. முதல் கடிதம் செய்ததைப் பார்த்தவர், மற்றதைச் சரியாகப் படித்தாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பனைமரங்கள் நம்ம ஊர்ப் பக்கம் போலவே இருப்பதை எழுதியிருந்தார் சித்தப்பா. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டதை எழுதியிருந்தார். "அந்த அம்மா 'நீர் தமிழோ?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கையில் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொன்னார்கள். உன் ஞாபகம் வந்தது." இன்னொன்றில், "நீ கேட்டது சரிதான். அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. இன்னைக்கும் தெரியலை. இதுவரைக்கும் நான் யாரையும் சுடலை. அது உனக்குப் போதுமான்னு தெரியலை."

கடைசியில் இருந்தது தபால்காரர் கையில் கொடுத்த கடிதம். அதை நான் பார்த்ததே இல்லை.

"உன் லெட்டர் கிடைச்சுது. ஒன்பது லெட்டர்ல கேட்டதுக்கு இப்பத்தான் ஒரு பதில். பாப்பா கையெழுத்து எனக்குத் தெரியாதா? எழுந்து உட்கார முடியாம நீ படுத்துக்கிட்டே சொல்ல, அது கணக்கு நோட்டு மேல வச்சு எழுதியிருக்கு. அடியில இருந்த கணக்கோட அச்சு பின்பக்கம் பதிஞ்சு தெரியுது. நீ சொன்னதை அது பரீட்சைத் தமிழ்ல மாத்திடுச்சு, ஆனா மூஞ்சின்னு சொன்னது நீதான். சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். இனிமே எனக்கு ஒண்ணும் இல்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"ஏன் சித்தி, இத்தன வருசம் எங்கிட்டக்கூட சொல்லல?"

"சொன்னா உன் நைனாவோட சேத்து உன்னையும் ஒதுக்கணும். நீயும் தெரிஞ்சிகினே தானே கம்முனு இருந்தே? உன்ன ஒதுக்க எனக்கு மனசு வரல." கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடிப்பு மாறாமல் மடித்தாள். "நீ எழுதனதுல ஒரு தப்பும் இல்ல. நான் சொல்லியிருந்தா இப்டித்தான் சொல்லியிருப்பேன். அவரும் நான் சொன்னதாவே நெனச்சிகினு நிம்மதியா போயிட்டாரு. அது போதும்னுதான் எத்தினியோ நாள் நெனச்சிப் பாக்கறேன்."

கட்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"ஆனா, நான் சொல்லலியேடி."